பூஜ்ஜியம் வாங்கிய பள்ளிகளைப் பற்றி

என்எம்எம்எஸ் உதவித்தொகைத் தேர்வுக்கு எந்தப் பள்ளி எத்தனை பிள்ளைகளைப் பதிந்தது என்ற பட்டியல்தான் நேற்று இரவிலிருந்து ஆசிரியர்களின் எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. எந்த ஒன்றியம், யார் போட்டது என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும். பள்ளிப் பெயருக்கு நேரே சிவப்பில் ஒரு பூஜ்ஜியம். அடியில், "ஏழைக் குழந்தைகளின் உதவித்தொகையில் ஆர்வம் காட்டாத தலைமையாசிரியர்கள்" என்று ஒரு வரி. அதற்கும் கீழே வரிசையாகக் கைதட்டல்கள். கைதட்டியவர்களில் ஆசிரியர்களும் இருக்கிறார்கள் என்பதையும் பார்த்தேன், பரவாயில்லை.

பட்டியல் போட்டவர்கள் ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்கள். என்எம்எம்எஸ் விண்ணப்பத்தைப் பதிவேற்றக் கடைசி நாள் எது என்ற தகவல் அந்தக் குறுவள மைய (பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகளைச் சேர்த்த) குரூப்புக்கு வந்ததே கடைசி நாளன்று மாலை 4.52க்குத்தான். பள்ளி விட்டாயிற்று. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார்கள். கூடவே வந்த கடிதத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், அது கையெழுத்தானது 11 நாளைக்கு முன்பு. 11 நாள் அந்தக் கடிதம் எந்த மேசையில் இருந்தது? அதற்குப் பட்டியலும் கிடையாது, சிவப்பு மையும் கிடையாது.

தகவல் போய்ச் சேராததை ஆர்வமின்மை என்று எழுதாதீர்கள். நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். பந்தி முடிந்து இலை எடுத்த பிறகு "சாப்பிட வாங்க" என்று கூப்பிட்டுவிட்டு, அழைத்தும் சாப்பிடாமல் போனார் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவது என்ன நியாயம்?

வெளியில் இருக்கும் நண்பர்களுக்காகக் கொஞ்சம் விவரம். என்எம்எம்எஸ் என்பது 2008இல் வந்த ஒன்றிய அரசின் உதவித்தொகை. எட்டாம் வகுப்பில் தேர்வு. தேறினால் 9 முதல் 12 வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய், மொத்தம் 48,000. பெற்றோரின் ஆண்டு வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். அரசு, அரசு உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும். தமிழ்நாட்டுக்கு ஒதுக்கீடு 6,695 பேர். மனத்திறன் தேர்வில் 90 கேள்வி, படிப்பறிவுத் தேர்வில் 90 கேள்வி, தலா 90 நிமிடம். 2017க்குப் பிறகு அந்தப் பன்னிரண்டாயிரம் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. இருந்தாலும் கூலி வேலை செய்யும் வீட்டில் அது பெரிய பணம்.

இதற்கு விண்ணப்பிப்பது ஒரு பட்டனை அழுத்துகிற வேலை இல்லை. படிவத்தை இறக்கி அச்செடுக்க வேண்டும். ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு எடுத்தவர்கள் யார் யார் என்று பார்க்க வேண்டும் (பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 5 விழுக்காடு தளர்வு). படிவத்தைப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பி, பெற்றோர் கையெழுத்தும் போட்டோவும் 50 ரூபாய்க் கட்டணமும் வாங்க வேண்டும். அப்பா திருப்பூரில், அம்மா நூறு நாள் வேலையில், வீட்டில் ஆத்தா மட்டும் என்றால் கையெழுத்துக்கே ரெண்டு நாள். ஐம்பது ரூபாயைப் பல இடங்களில் வகுப்பாசிரியரே போட்டுவிடுகிறார், அதை விடுங்கள். பிறகு ஒவ்வொரு பிள்ளையின் விவரத்தையும் எமிஸோடு (கல்வித்துறையின் மாணவர் விவரத் தளம்) ஒத்துப் பார்த்துப் பதிவேற்ற வேண்டும். கடைசி நாள் மாலை மாநிலம் முழுக்க எல்லாரும் உள்ளே நுழைவதால் தளம் சுற்றிக்கொண்டே இருக்கும். இதையெல்லாம் 4.52க்கு மேல் ஆரம்பித்து நள்ளிரவுக்குள் முடிக்காத பள்ளிதான் "ஆர்வம் காட்டாத" பள்ளி.

"அதான் வருஷா வருஷம் வருதே, நீங்களே பார்த்துக்க மாட்டீங்களா?" இந்தக் கேள்வி வரும். நியாயமான கேள்விதான். வருஷா வருஷம் வருவது உண்மை, தேதி மட்டும் வருஷத்துக்கு வருஷம் மாறும் என்பதும் உண்மை. தேர்வு ஒரு வருஷம் ஜனவரியில், ஒரு வருஷம் பிப்ரவரி கடைசியில். அறிவிப்பை எதிர்பார்த்துத் தினமும் எத்தனை தளத்தைத் திறந்து பார்க்கலாம்? தேர்வுத்துறை தளம் ஒன்று, எமிஸ் ஒன்று, தேசிய உதவித்தொகைத் தளம் ஒன்று, பள்ளிப் புள்ளிவிவரம் கேட்கும் யுடைஸ் ஒன்று, பிள்ளைகளின் அறிவியல் யோசனைகளுக்கான இன்ஸ்பயர் மானக் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தனி பயனர் பெயர், தனி கடவுச்சொல். தேதி முன்பே தெரிந்த ஒன்று என்றால் யுடைஸைச் சொல்லலாம், எந்தத் தேதி நிலவரம் என்று எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் தயாராகவும் இருக்கிறார்கள். அது பாராட்டு இல்லை, ஆதாரம். தேதி முன்கூட்டியே தெரிந்தால் இதே தலைமையாசிரியர்கள்தான் முடித்துக் கொடுக்கிறார்கள்.

அடுத்த கேள்வி: "பக்கத்துப் பள்ளி மட்டும் எப்படி 14 பேரை அனுப்பியது?" அந்தப் பள்ளி உயர்நிலைப் பள்ளி சார். அங்கே அலுவலகப் பணிக்கு என்று ஆள் உண்டு. பட்டியலை இன்னொரு முறை பாருங்கள், பூஜ்ஜியம் வாங்கியவை எல்லாமே நடுநிலைப் பள்ளிகள். நடுநிலைப் பள்ளியில் எழுத்தர் பணியிடமே கிடையாது. தலைமையாசிரியர்தான் எழுத்தர், காசாளர், கணினி இயக்குநர். நடுவில் வகுப்பும் உண்டு. ஹைடெக் லேபுக்கு (கணினி ஆய்வகம்) ஆள் போட்டபோது எமிஸ் சுமை குறையும் என்றார்கள். சில பள்ளிகளில் குறைந்திருக்கிறது, மறுக்கவில்லை.

மாலை 4.52க்கு வந்த செய்திக்கு மேலும் கீழும் அந்த குரூப்பில் அன்றைக்கு என்னவெல்லாம் இருந்தது தெரியுமா? காலை உணவு சாப்பிட்டவர் எண்ணிக்கை, சத்துணவு எண்ணிக்கை, மாணவர் வருகை இன்னும் பதியாத பள்ளிகள், இரும்புச்சத்து மாத்திரை கொடுத்த விவரம், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டப் போட்டோ, "இன்மை அறிக்கையும் கட்டாயம்" என்று ஒரு கூகுள் ஷீட், பணி நிறைவு பெறும் ஒரு அய்யாவுக்கு வாழ்த்து. நம்மிடமிருந்து ஒரு எண்ணிக்கை வேண்டுமென்றால் காலை ஆறு மணிக்கே குரல் பதிவு வந்துவிடும், பத்து மணிக்குள் தனித்தனியாகப் போனும் வரும். பிள்ளைக்கு 48,000 ரூபாய் போக வேண்டிய தகவலுக்கு அந்த அவசரம் கிடையாது. சாய்வாகப் பிடித்த போட்டோவில் ஒரு கடிதம், மேலே "தகவலுக்காக".

இதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. நடுநிலைப் பள்ளிப் பிள்ளை தேர்வில் ஜெயிப்பது ஒரு பள்ளியில், பணத்துக்குப் பதிய வேண்டியது இன்னொரு பள்ளியில். எட்டு முடித்ததும் பழைய பள்ளி அந்தப் பிள்ளையை எமிஸில் காமன் பூலுக்கு (பள்ளி மாறும் பிள்ளைகளின் பொதுப் பட்டியல்) அனுப்ப வேண்டும், புதிய பள்ளி அங்கிருந்து எடுத்துச் சேர்க்க வேண்டும். தேர்ச்சிப் பட்டியல் வருவதோ பழைய பள்ளியின் பெயரில். ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் நூறு பேரில் யார் என்எம்எம்எஸ் தேறியவர் என்று புதிய பள்ளிக்கு யார் சொல்வது? பிள்ளையே சொன்னால்தான் உண்டு. பதினான்கு வயதுப் பிள்ளை, புதுப் பள்ளிக்கூடத்தில், தலைமையாசிரியர் அறைக்குள் போய், "சார், நான் ஸ்காலர்ஷிப் பாஸ் பண்ணிருக்கேன்" என்று சொல்ல வேண்டும். எத்தனை பிள்ளைகளுக்கு அந்தத் தைரியம் வரும்?

அப்படிச் சொன்ன ஒரு பெண்ணின் கதையைக் கேளுங்கள், எனக்குத் தெரிந்த பள்ளியில் நடந்தது. தேசிய உதவித்தொகைத் தளத்தில் பிள்ளையின் பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்க வேண்டும். ஆதாரில் தலைப்பெழுத்து பெயருக்குப் பின்னால், புள்ளி இல்லாமல். எமிஸில் முன்னால், புள்ளியோடு. வங்கிப் புத்தகத்தில் தலைப்பெழுத்துக்குப் பதில் அப்பா பெயர் முழுசாக. மூன்றும் ஒரே பெண்தான், கணினிக்கு மூன்று பேர். அதைச் சரிசெய்து கொண்டுவந்தால், பள்ளியின் லாகினுக்கு வர வேண்டிய ஓடிபி முந்தைய தலைமையாசிரியரின் போனுக்குப் போகிறது. அவர் ஓய்வு பெற்று பெங்களூரில் மகன் வீட்டில் இருக்கிறார். அவரை அழைத்து, "அய்யா, ஓடிபி வந்துச்சுங்களா?" என்று கேட்டு, அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து எண்ணைப் படிப்பதற்குள் காலாவதி. எண்ணை மாற்ற மாவட்ட லாகினுக்குக் கடிதம் எழுதிக் காத்திருந்ததில் தளம் மூடிவிட்டது. அந்தப் பெண்ணும் "பதியாதவர்" கணக்கில்தான். அந்தத் தலைமையாசிரியரும் ஆர்வம் காட்டாதவர்தான்.

பிள்ளைகளுக்கு வருவது மட்டும்தான் இப்படி என்று நினைக்காதீர்கள். ஆசிரியர்களுக்கு வரும் வாய்ப்புகளும் இதே குழாய் வழியாகத்தான் சொட்டுகின்றன. பெங்களூரில் இருக்கும் தென்னிந்திய ஆங்கில மண்டல நிறுவனத்தின் 30 நாள் பயிற்சிக்கு ஆள் கேட்டால், அறிவிப்பு பொதுக் குரூப்புக்கு வருவதற்குள் பெயர்கள் போய்விட்டிருக்கும். எப்படி என்று கேட்காதீர்கள். ஈராசிரியர் பள்ளிக்காரருக்கு "நாளைக்கே பணிவிடுவிப்பு" என்று ஆணை வந்தால் பள்ளியை யாரிடம் விட்டுப் போவார்? தேசிய நல்லாசிரியர் விருதுக்கு 2018 முதல் ஆசிரியரே நேரடியாக இணையத்தில் விண்ணப்பிக்கலாம், விண்ணப்பிக்க யாருடைய பரிந்துரையும் தேவையில்லை. வெள்ளிப் பதக்கம், 50,000 ரூபாய். இதுவே தெரியாமல் இன்னும் "மேலிருந்து கேட்பாங்க" என்று காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். இன்ஸ்பயர் மானக்கில் ஒரு பள்ளி 5 யோசனைகள் அனுப்பலாம், தேர்வானால் பிள்ளையின் கணக்குக்கே 10,000 ரூபாய் வரும். கடைசி வாரத்தில் தகவல் வந்தால் என்ன ஆகும்? யூடியூபில் பார்த்த தானியங்கிக் குப்பைத்தொட்டியையே அத்தனை பள்ளியும் அனுப்பும். பிறகு "கிராமத்துப் பிள்ளைகளிடம் புதுமை இல்லை" என்று மேடையில் பேசுவார்கள்.

"இவ்வளவு சம்பளம் வாங்கிக்கிட்டு..." என்று ஆரம்பிப்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. 4.52க்கும் சம்பளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை.

அதிகாரிகளுக்கும் சுமை இருக்கிறது, வட்டாரக் கல்வி அலுவலகத்தில் ஆள் பற்றாக்குறை என்கிறார்கள். ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் எங்கள் சுமையையும் ஒப்புக்கொள்ளுங்கள். உங்கள் தாமதம் மட்டும் நிர்வாகச் சிக்கல், எங்கள் தாமதம் அலட்சியமா? தலைமையாசிரியர் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எழுப்பி நிறுத்தி, "நீங்க ஏன் ரெட்ல இருக்கீங்க?" என்று கேட்கிறீர்கள். ஓய்வுக்கு ரெண்டு வருஷம் இருக்கும் ஒரு டீச்சர், காலையில் தன் ஸ்கூட்டியில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி வருகிறவர், அந்தக் கேள்விக்குத் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறார். அவர் பெயரும் நேற்றைய பட்டியலில் இருக்கிறது. அந்த ஒரு வரியை அவருடைய பேரன்வரை படித்துவிட்டான்.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. கடிதத்தை அப்படியே தள்ளிவிடாமல், மேலே ஐந்து வரி தட்டச்சு செய்து அனுப்புங்கள்: யாருக்கு, கடைசி நாள் எது, எந்த லாகினில், என்னென்ன சான்று, சந்தேகம் என்றால் யாரைக் கேட்பது. எண்ணிக்கை கேட்கும் குரூப் வேறாக, வாய்ப்பு அறிவிக்கும் குரூப் வேறாக இருக்கட்டும். இரண்டாவதில் அட்மின் மட்டும் எழுதட்டும், வாழ்த்து வேண்டாம். இயக்ககக் கடிதம் வந்த நாளும் பள்ளிக்கு அனுப்பிய நாளும் அதிலேயே இருக்கட்டும். தேர்ச்சிப் பட்டியலை அந்தப் பிள்ளைகள் இப்போது படிக்கும் பள்ளியின் பெயரோடு அனுப்புங்கள். எமிஸில் அது இருக்கிறது, எடுக்க ஐந்து நிமிடம் ஆகாது.

அதுவரைக்கும், உயர்நிலை, மேல்நிலைத் தலைமையாசிரியர்கள் நாளைக் காலை இறைவணக்கத்திலேயே ஒன்பதாம் வகுப்பில் என்எம்எம்எஸ் தேறியவர்கள் யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆதார் எந்த வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்று இப்போதே பார்த்துவிடுங்கள், பணம் கடைசியாக இணைத்த கணக்குக்குத்தான் போகும், புத்தகத்தில் இருக்கும் கணக்குக்கு இல்லை. பள்ளி லாகினில் யாருடைய போன் எண் இருக்கிறது என்றும் பாருங்கள். 10, 11, 12இல் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்பில் 60 விழுக்காடு இருந்தால்தான் பதினொன்றில் தொடரும் (பட்டியலினத்தவர், பழங்குடியினருக்கு 55), இதையும் பிள்ளைகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். நடுநிலைப் பள்ளிக்காரர்கள் மாற்றுச் சான்றிதழோடு தேர்ச்சிப் பட்டியலின் நகலையும் பிள்ளை கையில் கொடுத்தனுப்புங்கள்.

"ஆசிரியர் சங்கம் என்ன செய்துகொண்டிருந்தது?" என்று கமெண்டில் கேட்க வருபவர்கள் கொஞ்சம் பொறுங்கள். அதற்குத் தனிப் பதிவு வரும்.