தொடக்கநிலைக் களப்பணி வேறு, கற்பித்தல் பயிற்சி வேறு
“முதலாண்டிலேயே மாணவ ஆசிரியர்களைப் பள்ளிக்கு அனுப்புவது, பாடம் நடத்தத் தெரியாதவர்களிடம் குழந்தைகளை ஒப்படைப்பதாகும்” என்ற கூற்று, தொடக்கநிலைக் களப்பணியை மாணவ ஆசிரியர்கள் தாமே பாடம் நடத்தும் இறுதிக்கட்டக் கற்பித்தல் பயிற்சியோடு குழப்பிக்கொண்டதால் வந்த பிழை. தொடக்கநிலைக் களப்பணியில் வகுப்பின் பொறுப்பு கைமாறுவதில்லை. வகுப்பாசிரியர் உடனிருக்க, மாணவ ஆசிரியர்கள் கவனித்துக் குறிப்பெடுக்கிறார்கள், சிறு குழுக்களுக்கு உதவுகிறார்கள். போதிய புரிதலின்றி அவசரமாகக் கற்பிக்கவைத்தால் இயந்திரத்தனமான பழக்கங்கள் படிந்துவிடும் என்று 1904-இலேயே எச்சரித்த அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜான் டூயி கூட, குழந்தைகளின் மனம் இயங்கும் விதத்தைக் கூர்ந்து கவனிப்பதை மறுக்கவில்லை, அதையே முன்னிறுத்தினார். எதைக் கவனிப்பது என்ற வழிகாட்டுதலும் பிந்தைய கலந்துரையாடலும் இல்லாவிட்டால் (பல இடங்களில் இதுவே உண்மையான குறை) கடைசி இருக்கையில் அமர்ந்திருப்பது வெறும் வருகைப்பதிவாகிவிடும் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.