குற்றவாளியின் வலிக்கும் கணக்கு உண்டு

கொடூரமான குற்றம் ஒன்று செய்தியில் வந்துவிட்டால் போதும், "இவனையெல்லாம் நடுத்தெருவுல தூக்குல போடணும், அப்பதான் மத்தவனுக்குப் பயம் வரும்" என்று கமெண்ட்கள் குவிகின்றன. ஊருக்கு நல்லது நடந்தால் ஒருத்தன் உயிர் போனால் என்ன என்கிறார்கள். அதற்குப் பயன்வாதம் என்று பெயர் வேறு வைக்கிறார்கள். உண்மையில் பயன்வாதம் என்பது, எல்லோருடைய இன்ப துன்பத்தையும் கணக்கில் எடுத்து, மொத்தத்தில் அதிக நன்மை தருவதே சரி என்னும் கொள்கை. எனக்கு இதில் கடுமையான மறுப்பு உண்டு.

இத்தாலியின் மிலானைச் சேர்ந்த சட்டச் சிந்தனையாளர் செசாரே பெக்காரியா 1764-இல் சித்திரவதையையும் மரண தண்டனையையும் எதிர்த்து எழுதினார். தண்டனை எவ்வளவு கொடியது என்பதைவிட, தப்பவே முடியாது என்ற உறுதிதான் குற்றத்தைத் தடுக்கும் என்றார். பயன்வாதத்தை வகுத்த ஆங்கிலத் தத்துவவாதி ஜெரமி பெந்தம் 1789-இல் இன்னும் வெளிப்படையாகச் சொன்னார்: எந்தத் தண்டனையும் தீங்குதான், அதைவிடப் பெரிய தீங்கைத் தடுத்தால் மட்டுமே கொடுக்கலாம். 1868-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் தூக்கை ஆதரித்துப் பேசிய இன்னொரு பயன்வாதியான ஜான் ஸ்டூவர்ட் மில்கூட, ஆயுள் முழுக்கக் கடுங்காவலில் வாடுவதைவிட அது கொடுமை குறைந்தது என்றுதான் வாதாடினார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆனால் அவரும் கைதியின் வலியை எடைபோட்டுத்தான் பேசினார்.

18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், ஒரு வீட்டிலிருந்து 40 ஷில்லிங் பெறுமான பொருளைத் திருடினால் தூக்கு. ஜூரிகள், அதாவது வழக்கில் தீர்ப்புச் சொல்ல அமர்த்தப்பட்ட பொதுமக்கள், என்ன செய்தார்கள் தெரியுமா? திருடியது உண்மை என்பார்கள். பொருளின் மதிப்பை மட்டும் 39 ஷில்லிங் என்று குறைத்துவிடுவார்கள். சத்தியம் செய்துவிட்டு உட்கார்ந்தவர்கள், ஓர் உயிரைக் காப்பாற்றத் தெரிந்தே பொய் சொன்னார்கள். எந்த ஜூரி வாய்க்கிறது என்பதைப் பொறுத்துத் திருடனின் தலையெழுத்து மாறியது. கொடுமை கூடக் கூட, பெக்காரியா கேட்ட அந்த உறுதி கரைந்துபோனது.

பயன்வாதத்திலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. கலவரத்தை அடக்க ஒரு நிரபராதியைத் தண்டித்தால் பல உயிர்கள் பிழைக்கும் என்றால்? தத்துவவாதி மெக்ளாஸ்கி 1957-இல் இதைக் கேட்டார். உண்மை வெளிவந்தால் சட்டத்தின்மேல் நம்பிக்கையே போய்விடும் என்று பயன்வாதிகள் பதில் சொல்வார்கள். எனக்கு அது போதாது. உண்மை வெளிவரவே வராவிட்டாலும் அது அநியாயம்தான். ஆங்கிலச் சட்டத் தத்துவவாதி ஹெச்.எல்.ஏ. ஹார்ட் இதை இரண்டு கேள்விகளாகப் பிரித்தார். தண்டனை என்ற ஏற்பாடு எதற்கு? பயனுக்காக. யாரைத் தண்டிக்கலாம்? குற்றம் செய்தவரை மட்டும். இந்த இரண்டாவது கேள்வியில் கூட்டல் கழித்தலுக்கு இடமே கிடையாது.

பயத்தால்தான் குற்றம் குறையும் என்பவர்கள் முதலில் புலனாய்வு ஒழுங்காக நடக்கிறதா, வழக்கு ஏன் இழுத்தடிக்கிறது, விடுதலையாகி வருகிறவருக்கு யாராவது வேலை கொடுக்கிறார்களா என்று கேளுங்கள். தூக்குக் கயிற்றைப் பற்றிப் பிறகு பேசலாம்.