பச்சை நல்லதுதானே?

அண்ணன்: தம்பி, மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன. பசி போல. இன்னொரு பிடி தீனி போடட்டுமா?

தம்பி: அது பசி இல்லை அண்ணே, மூச்சுத் திணறல். எத்தனை மீன் விட்டிருக்கிறீர்கள்?

அண்ணன்: 12 கோல்டு ஃபிஷ். 50 லிட்டர் தொட்டி. வைத்து ஒரு வாரம்தான் ஆகிறது, அதற்குள் தண்ணீரைப் பார், கண்ணாடி மாதிரி!

தம்பி: அமோனியாவுக்கு நிறம் கிடையாது. மீன் செவுள் வழியாக அந்த விஷக் கழிவைத்தான் விட்டுக்கொண்டே இருக்கும். அதைத் தின்கிற பாக்டீரியா ஃபில்டரில் பெருக 4 முதல் 6 வாரம் பிடிக்கும். முதல் வகை அதை நைட்ரைட்டாக்கும், அதுவும் விஷம்தான். இரண்டாம் வகை வந்து நைட்ரேட்டாக்கிய பிறகுதான் மீனுக்கு நிம்மதி.

அண்ணன்: பாக்டீரியாவா, என் தொட்டியிலா? தினமும் ஃபில்டர் பஞ்சைக் கழற்றிக் குழாயடியில் அலசி, வெயிலில் காயப்போடுகிறேன். சோப்பு மட்டும்தான் போடவில்லை.

தம்பி: அதற்கு மட்டும் ஏன் மனம் வரவில்லை? குழாய்த் தண்ணீர்க் குளோரினில் தப்பித்ததை வெயில் முடித்திருக்கும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் லேசாகப் பிழிந்தால் போதும் அண்ணே.

அண்ணன்: அழுக்குத் தண்ணீரில் அலசுவதா! கண்ணாடி மாதிரி வைத்திருக்கிறேன் என்கிறேன்...

தம்பி: அமோனியாவுக்கு நிறம் கிடையாது.

அண்ணன்: ராத்திரி ஃபில்டரையும் அணைத்துவிடுவேன். அந்தச் சத்தத்தில் மீன் எப்படித் தூங்கும்?

தம்பி: ராத்திரியில் மூச்சு விடுவதையும் நிறுத்திக்கொள்கிறதா?

அண்ணன்: சரி, நீ கொடுத்த அமோனியா சோதனைச் சொட்டு மருந்தையும் போட்டுப் பார்த்தேன். மஞ்சளாக இருந்தது நல்ல பச்சையாகிவிட்டது. பச்சை என்றால் போகலாம் என்றுதானே?

தம்பி: போகும். ஒவ்வொரு மீனாக. இப்போதே பாதித் தண்ணீரை மாற்றுங்கள், புதுத் தண்ணீரில் குளோரினை நீக்கும் மருந்து போட்டு. நாளைக்குத் தீனி வேண்டாம். பெரிய தொட்டி வைத்திருப்பவர் யாருக்காவது பாதி மீனைக் கொடுத்துவிடுங்கள். பாதி என்பதே அதிகம்தான்.

அண்ணன்: கொடுத்தால் தொட்டி காலியாகத் தெரியுமே. வீட்டுக்கு வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

தம்பி: வருகிறவர்கள் பார்க்கத்தான் என்றால் நல்ல படம் ஒன்று மாட்டியிருக்கலாமே அண்ணே. 12 உயிரை ஏன் தண்ணீரில் போட்டீர்கள்?

அண்ணன்: கோபப்படாதே. நாளைக்கு 2 சக்கர் மீன் வருகிறது. தொட்டியில் உள்ள கழிவையெல்லாம் அதுவே தின்றுவிடுமாம்.

தம்பி: தின்றுவிட்டு அது எங்கே போய்க் கழிக்குமாம்?