குட்டி யானை வைத்திருந்தால் வசதியான வீடா?

மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பம் வாங்கும் முகாமை 2023 ஜூலை 24 அன்று முதல்வர் தொடங்கி வைத்தது நம்ம தர்மபுரி மாவட்டத் தொப்பூரில்தான். அந்தத் திட்டத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மாதம் 1000 ரூபாய் எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் மளிகைக் கடனை அடைக்கிறது. யாருக்குக் கிடையாது என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்களே, எனக்கு அதோடுதான் தகராறு.

குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், நஞ்சை 5 ஏக்கர், புஞ்சை 10 ஏக்கருக்கு மேல் கூடாது, வீட்டுக் கரண்டு வருடத்துக்கு 3600 யூனிட்டைத் தாண்டக் கூடாது. சரி, எங்கேயாவது ஒரு கோடு போட்டுத்தானே ஆக வேண்டும். ஆனால் சொந்தப் பயன்பாட்டுக்குக் கார், ஜீப், டிராக்டர், கனரக வாகனம் வைத்திருந்தாலும் கிடையாது என்கிறார்கள்.

பாலக்கோட்டில் எங்கள் தெரு அக்கா ஒருவருக்கு இதில்தான் மாட்டிக்கொண்டது. அவர் வீட்டுக்காரர் தக்காளி லோடு அடிக்க ஒரு குட்டி யானை, அதாவது சின்ன சரக்கு வண்டி, வாங்கினார். பழைய வண்டி, மஞ்சள் போர்டு, ஃபைனான்ஸில் எடுத்தது. விலை இருக்கும்போது விடியற்காலையிலேயே மார்க்கெட்டுக்கு நடை மேல் நடை. விலை விழுந்தால் பறிக்கிற கூலிக்கே கட்டாது என்று தோட்டத்துக்காரர் காயைச் செடியிலேயே விட்டுவிடுவார். அந்த வாரம் வண்டி வாசலில் நிற்கும். தவணை மட்டும் தேதி தவறாமல் வரும். அக்காவின் விண்ணப்பம் நான்கு சக்கர வாகனம் என்ற காரணத்தில் தள்ளுபடி. வாடகைக்கு ஓடுகிற வண்டி எப்படிச் சொந்தப் பயன்பாடு ஆகும்? கோட்டாட்சியருக்கு இ-சேவை வழியாக 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று யாரோ சொன்னபோது கெடு முடிந்திருந்தது.

இதே பட்டியல் எதைக் கேட்கவில்லை என்று பாருங்கள். பேங்கில் டெபாசிட் எவ்வளவு, லாக்கரில் நகை எத்தனை பவுன், வட்டிக்கு விட்டது எவ்வளவு? எதுவும் கிடையாது. வியாபாரிகளுக்கு ஒரு விதி இருக்கிறது: ஆண்டுக்கு 50 லட்சத்துக்கு மேல் விற்று ஜிஎஸ்டி கட்டுபவர்களுக்கு இல்லை. பச்சைக் காய்கறிக்கு ஜிஎஸ்டியே கிடையாது. அப்படியென்றால் தக்காளி மண்டி முதலாளி எவ்வளவு விற்றாலும் இந்த விதியில் சிக்க மாட்டார், அவருக்கு லோடு அடிக்கிறவர் வண்டி விதியில் சிக்கிக்கொள்வார். மண்டிக்காரருக்கு வருமான வரம்பு இருக்கிறதே என்பீர்கள். விண்ணப்பத்தோடு வருமானச் சான்று வைக்கவே தேவையில்லை என்றுதான் சொன்னார்கள்.

2025-ல் ஒரு தளர்வு வந்தது. அரசு மானியத்தில் நான்கு சக்கர வாகனம் வாங்கிய குடும்பத்துப் பெண்களும் விண்ணப்பிக்கலாம். நல்லதுதான். ஆனால் மானியம் கிடைக்காமல் முழுக் கடனில் டிராக்டர் எடுத்தவர் இன்னும் வெளியேதான் நிற்கிறார். இது என்ன நியாயமோ!

முதியோர் உதவித்தொகையிலும் இதே கோளாறு. நிலையான சொத்து 1 லட்சத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ஓசூர் பக்கம் போய் அந்தக் காசுக்கு எத்தனை சென்ட் கிடைக்கும் என்று கேட்டுப் பாருங்கள். பாட்டன் விட்டுப்போன மானாவாரிக் காடு, மழை பெய்தால் கொஞ்சம் ராகி. நிலத்தின் விலை ஏறியதால் கிழவியின் சாப்பாட்டுச் செலவுக்கு என்ன வந்துவிடப் போகிறது?

வரம்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொகுசுக் காரில் வந்து இறங்குகிற வீட்டுக்கு இந்த 1000 எதற்கு? ஆனால் வண்டி இருக்கிறது என்று அரசுக்குக் காட்டிக்கொடுக்கிற அதே ஆர்.சி.யில்தான் அது வாடகை வண்டியா, எந்த ஃபைனான்ஸில் அடமானம் என்பதும் இருக்கிறது. தள்ளுபடி செய்வதற்கு முன் அந்த இரண்டையும் பார்க்க வேண்டும். தொழிலுக்கான வண்டி, அதிலும் கடன் தீராத வண்டி, சொத்துக் கணக்கில் வரக் கூடாது.

மஞ்சள் போர்டு வண்டி வைத்துக்கொண்டு மேல்முறையீட்டில் தொகை வாங்கியவர்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் யாராவது இருந்தால், என்னென்ன காகிதம் கொடுத்தீர்கள் என்று கமெண்டில் போடுங்கள். அக்காவை மறுபடி எழுதிப் போடச் சொல்லியிருக்கிறேன்.