லைட்டர் எங்கே, மாமா?

மாப்பிள்ளை: மாமா, இந்த வண்டியில் சிகரெட் லைட்டர் எங்கே இருக்கிறது?

மாமனார்: (பிரேக் போட்டு) பையனுக்குக் காபிப் பழக்கம்கூடக் கிடையாது என்றாரே உங்கள் அம்மா!

மாப்பிள்ளை: ஐயோ, சிகரெட்டுக்கு இல்லை மாமா. போனுக்கு.

மாமனார்: போனைக் கொளுத்தப் போகிறீர்களா? நல்ல காரியம். ஓரமாக நிறுத்தட்டுமா?

மாப்பிள்ளை: சார்ஜ் போட மாமா! லைட்டர் ஓட்டையில் 12 வோல்ட் வரும். அடாப்டர் செருகினால் 5 வோல்ட்டாகக் குறைத்துக் கொடுக்கும்.

மாமனார்: ராத்திரி முழுக்க நம் வீட்டில் 230 வோல்ட் சும்மாதானே கிடந்தது? அதை விட்டுவிட்டு என் 12 வோல்ட்டுக்கு வருகிறீர்கள்.

மாப்பிள்ளை: மறந்துவிட்டேன். ஆ, இதோ ஓட்டை! என்ன மாமா, உள்ளே ஒரு ரூபாய்க் காசு கிடக்கிறது? ஷார்ட் ஆகி ஃபியூஸ் போயிருக்குமே!

மாமனார்: போய்ப் பத்து வருஷம் ஆகிறது. விசாரித்த முதல் ஆள் நீங்கள்தான்.

மாப்பிள்ளை: சரி, பாட்டு செட்டில் யூஎஸ்பி இருக்கிறதே.

மாமனார்: அதில் சீர்காழி இருக்கிறார்.

(சீர்காழி கோவிந்தராஜன் பாதிப் பாட்டில் பிடுங்கப்படுகிறார். போன் ஏறுகிறது. போனின் விலை, இந்த 98 மாடல் வண்டி இன்றைக்குப் போகிற விலையைவிட அதிகம்.)

மாப்பிள்ளை: 4 சதவீதம் இருந்தது 3 ஆகிவிட்டது! பாட்டுக்கு வைத்த யூஎஸ்பி, அரை ஆம்பியர்தான் வரும் போல. மேப் அதைவிட அதிகமாகத் தின்கிறது.

மாமனார்: திருச்சியிலிருந்து தஞ்சாவூருக்கு மேப்பா? துவாக்குடி, செங்கிப்பட்டி, வல்லம். வண்டிக்கே வழி தெரியும்.

மாப்பிள்ளை: வழிக்கு இல்லை. எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம் என்று பார்க்க.

மாமனார்: ஓட்டுகிறவன் பக்கத்திலேயே இருக்கிறேன். கேட்டால் சொல்ல மாட்டேனா?

மாப்பிள்ளை: பவர் பேங்க்காவது இருக்கிறதா?

மாமனார்: இன்றைக்கு இரண்டாம் சனிக்கிழமை. எந்த பேங்க்கும் கிடையாது.

மாப்பிள்ளை: மாமா!

மாமனார்: நிஜமாகவே சிகரெட்டுக்கு இல்லையே?

மாப்பிள்ளை: இல்லை மாமா! இந்தக் காலத்தில் ஒரு சார்ஜர்கூட இல்லாமல் கார் வைத்திருக்கிறீர்களே, அதைச் சொல்லுங்கள்.

மாமனார்: கல்யாணத்துக்கு உங்கள் வீட்டில் எழுதிக் கொடுத்த லிஸ்ட் இன்னும் என் பர்ஸில் இருக்கிறது. பைக், பீரோ, ஃபிரிட்ஜ், இருபது பவுன். நாலு தடவை படித்தேன். சார்ஜர் என்று எங்கேயும் போடவில்லை.

(செங்கிப்பட்டி வரும்வரை பேச்சு இல்லை. போன் அணைந்துவிட்டது.)

மாப்பிள்ளை: அந்தக் காசையாவது எடுத்து உங்களிடம் கொடுத்துவிடட்டுமா மாமா?

மாமனார்: அது அங்கேயே இருக்கட்டும். கல்யாணத்துக்கு அப்புறம் என்னிடம் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.