மேல் பல்லில் இம்ப்ளான்ட் வைத்தால் கண் போகுமா?

‘மேல் வரிசையில் இம்ப்ளான்ட் (செயற்கைப் பல் மாட்டுவதற்காகத் தாடையில் பதிக்கும் திருகாணி) வைத்தால் கண் பார்வை போய்விடும்’ என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. பல் பிடுங்கினால் கண் போகும் என்ற பழைய பயம்தான், இப்போது திருகாணி மாட்டிக்கொண்டு வந்திருக்கிறது.

மேல் பற்களுக்குப் போவது, முகத்தின் உணர்ச்சிக்கான முக்கிளை நரம்பின் ஒரு கிளை. பார்வை நரம்பு முற்றிலும் வேறு. டைட்டானியம் திருகாணி பதிவது தாடை எலும்பில். பொதுவாக 3 முதல் 6 மாதத்தில் எலும்பு அதைக் கவ்விக்கொள்ளும். அப்புறம்தான் மேலே பல் மாட்டுவார்கள். சுவீடனில் பிரோனமார்க் என்ற மருத்துவர் 1965-இல் முதல் நோயாளிக்குச் செய்த முறை இது. பல் விழும் வயதில்தான் கண்புரையும் வருகிறது, பழி பல் டாக்டருக்கு!

கவலைப்பட வேண்டியது வேறு. மேல் கடைவாயில் எலும்பு மெல்லியதாக இருந்தால் திருகாணி அதற்கு மேலே உள்ள சைனஸ் என்ற காற்றறைக்குள் போகலாம். அதற்குத்தான் முதலிலேயே ஸ்கேன்.