அறுவடைக்கு வரும் பணம், வாரா வாரம் கேட்கும் கடன்

காவிரி டெல்டாவில் கடன் பேச்சு எடுத்தாலே "வரவுக்கு மீறி செலவு பண்ணா இப்படித்தான்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். வீண்செலவு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் திருவாரூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி பக்கம் மூழ்கிப்போன குடும்பங்களின் கணக்கை உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். வருமானம் வருஷத்துக்கு ரெண்டு தடவை வருகிறது. கடனோ வாரா வாரம் கேட்கிறது. பாதிப் பேரை முடக்கிப் போடுவது இதுதான்.

ரெண்டு ஏக்கரில் குறுவை நெல் என்று வைத்துக்கொள்வோம். ஏக்கருக்கு 20 குவிண்டால் கண்டால் மொத்தம் 40. 2025-26க்கு அரசு அறிவித்த சன்னரக விலை குவிண்டாலுக்கு 2,545 ரூபாய். ஆக 1,01,800. உழவு, நடவு, உரம், அறுவடை மிஷின் வாடகை எல்லாம் இதிலிருந்துதான் போகணும். குத்தகை நிலம் என்றால் நெல்லாகவோ பணமாகவோ இன்னொரு பங்கும் போய்விடும். மிச்சம்தான் ஆறு மாசத்துக்கு. அதுவும் குறித்த நாளில் வராது. ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். 2025 அக்டோபர் மழையில் வாசலிலேயே நெல் முளைத்துக் கிடந்ததைப் பார்த்தோம். நெல் காத்திருக்கலாம், குழுவாகச் சேர்ந்து வாங்கிய நுண்கடனுக்குச் செவ்வாய்க்கிழமை கட்டவேண்டிய தவணை காத்திருக்காது.

அந்த ஒரு தவணையைக் கட்டத்தான் தண்டலுக்கு, அதாவது தினவசூல் கடனுக்குப் போகிறார்கள். கையில் 8,500 தருவார்கள், தினம் 100 வீதம் 100 நாள் கட்டணும். "1,500தானே வட்டி" என்று தோன்றும். ஆனால் அசல் தினமும் கரைந்துகொண்டே வருவதால், வருஷக் கணக்கில் இது சுமார் 120 சதவீதம். தண்டல், கந்துவட்டி, மீட்டர் வட்டி எல்லாம் 2003லேயே தமிழ்நாட்டில் சட்டப்படி தடை செய்யப்பட்டவை.

அசல் குறைந்தாலும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே கடைசி வரை வட்டி போடும் ஃபிளாட் வட்டியிலும் இதே மயக்கம்தான். ஒரு லட்சம், 12 சதவீதம் ஃபிளாட், 24 மாசம் என்றால் மாசம் 5,167 ரூபாய். குறைந்துவரும் அசலுக்குக் கணக்கிட்டால் உண்மையான வட்டி 21.6 சதவீதம். பிராசசிங் கட்டணம், இன்சூரன்ஸ் சேர்ந்தால் இன்னும் ஏறும். அதனால் "வட்டி எவ்வளவு?" என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லாக் கட்டணமும் சேர்த்து வருஷத்துக்கு எத்தனை சதவீதம் என்று காட்டும் முக்கிய விவர அறிக்கையைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தரவேண்டும் என்பது 2024 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதி. அதை வாங்கிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இன்னொரு விதி பலருக்குத் தெரியாது. ரிசர்வ் வங்கியின் 2022 நுண்கடன் விதிகளின்படி, கடன் வாங்குபவரின் தேவைக்கு ஏற்பத் தவணை கட்டும் இடைவெளியை அமைக்க நிறுவனம் வழி வைத்திருக்க வேண்டும். மாசத்துக்கு ஒரு தடவை கட்டுகிறேன், அறுவடை முடிந்து பெருந்தொகை கட்டுகிறேன் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கடன் வாங்குவதற்கு முன்னாடியே கேளுங்கள், பிறகு கேட்டால் மழுப்புவார்கள். எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து குடும்ப மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்பதும் அதே விதிதான். இதில் நம் பொறுப்பு ஒன்று இருக்கிறது: வேறு குழுவில் இருக்கும் கடனை மறைக்கக்கூடாது. மறைத்தால் அந்த வரம்பு நம்மைக் காப்பாற்றாது.

பயிர்ச் செலவுக்கு முதல் கதவு கூட்டுறவு சங்கம். கெடு தேதிக்குள் கட்டினால் பயிர்க்கடனுக்கு வட்டியே கிடையாது. ஒரு நாள் தவறினாலும் அந்தச் சலுகை போய்விடும். நிலத்துக்கும் பயிருக்கும் ஆவணமான சிட்டா, அடங்கலை நடவுக்கு முன்னாடியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். குத்தகைதாரர்களுக்கு இந்தக் கதவு லேசில் திறப்பதில்லை. அவர்கள் நகையோடு அடகுக்கடைக்குப் போகவேண்டியிருப்பது நிர்வாகத்தின் குறை, அவர்களைக் குற்றம் சொல்வது அநியாயம்.

நகையை வைக்கும்போது கெடுவைத் தையிலோ மாசியிலோ, சம்பா நெல் போட்ட பணம் வரும் சமயத்தில் முடிகிற மாதிரி பாருங்கள். நெல் மழையில் சிக்கிக் கிடக்கும் ஐப்பசியில் முடிகிற கெடு ஏலத்துக்குத்தான் இழுத்துப் போகும்.

பேர்க்கடன் வேண்டவே வேண்டாம். பக்கத்து வீட்டு அக்காவுக்காக உங்கள் பேரில் எடுத்தாலும், கட்டாமல் போனால் சிபில் என்கிற கடன் வரலாற்றுப் பதிவில் கெடுவது உங்கள் பேர்தான்.

நுண்கடன் வசூலுக்குக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கூப்பிடக்கூடாது, சொந்தக்காரரை மிரட்டக்கூடாது. மீறினால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்கு அனுப்பலாம். விவரம் கேட்க 14448. புகார் நகலையும் தவணை அட்டையையும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.